அம்மா அடுப்பைத் தொடாத விடுமுறை

என் அப்பாவுக்குத் தெரியாத வேலையே கிடையாது என்றுதான் ஒன்பது வயது வரை நினைத்திருந்தேன். அவர் போர்ட் பிளேரில் ஒரு துறைமுகப் பட்டறையில் வெல்டர். உடைந்த நங்கூரத்தை ஒட்டுவார், நின்றுபோன கடிகாரத்தை ஓட வைப்பார். டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில் எங்கள் வீட்டு வரிசையில் யார் வீட்டு பம்ப் ஸ்டவ் அடைத்துக்கொண்டாலும் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் அந்த ஸ்டவ்வின் மேல் ஒரு பானையை ஏற்றி, அதில் அரிசியைப் போட்டு, அதைச் சோறாக இறக்குவது அவருக்குத் தெரியாது என்பது ஹேவ்லாக் தீவுக்குப் போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அப்பாவுக்கும் அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும்.

அறுபதுகளின் நடுவில் நடந்த கதை இது. நாங்கள் குளச்சல் பக்கத்துக் கடற்கரைக்காரர்கள். நான் கைக்குழந்தையாக இருந்தபோது அப்பா எங்களைக் கப்பலேற்றி அந்தமானுக்குக் கொண்டுவந்தார். தம்பி இங்கேயே பிறந்தான். வந்த பிறகு ஊருக்கு ஒருமுறைகூடப் போகவில்லை. கப்பலில் இடம் கிடைத்தால் அப்பாவுக்கு லீவு கிடைக்காது, லீவு கிடைத்தால் கப்பல் ரிப்பேர் என்பார்கள். இப்படியே ஓடிக்கொண்டிருந்தபோது, இந்த விடுமுறைக்கு முந்தின மழைக்காலத்தில் அம்மாவின் அம்மா இறந்துபோனதாகத் தந்தி வந்தது. முந்தின நாள்தான் கப்பல் புறப்பட்டுப் போயிருந்தது. அம்மா சத்தம் போட்டு அழவில்லை. வீட்டிலிருந்த பாத்திரங்களையெல்லாம் வெளியே எடுத்துப் போட்டு, சுத்தமாக இருந்தவற்றையும் சேர்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அம்மா பேச்சைக் குறைத்துவிட்டாள். முன்பெல்லாம் அப்பாவை நாலு வார்த்தை கிண்டல் செய்யாமல் அவளுக்கு ஒருவேளைச் சோறு இறங்காது. அவர் நடையை, குறட்டையை, அவருடைய இந்தியை என்று எதையும் விடமாட்டாள். அது நின்றுபோனதில் எங்கள் வீடு நன்றாகவே இல்லை. அப்பாகூட வேண்டுமென்றே சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து அம்மா முன்னால் நின்று பார்த்தார். அம்மா பொத்தானைச் சரியாகப் போட்டுவிட்டுப் போனாள்.

கோடையில் ஊரிலிருந்து மாமா வந்தார். அம்மாவின் தம்பி. கட்டுமரத்தில் போய் மீன் பிடிக்கிறவர். அக்காவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போவதற்காகவே வந்திருந்தார். கையில் ஒரு துணி மூட்டை. அதில் சிறுபயறும் கருப்பட்டியும் எள்ளும் இருந்தன. எங்கள் பக்கத்தில் பெண் தன் அம்மா வீட்டுக்கு, எங்கள் பேச்சில் அம்மை வீட்டுக்கு, போய்விட்டுப் புருஷன் வீட்டுக்குத் திரும்பும்போது ஒரு டின் நிறைய முந்திரிக்கொத்து கூடவே வரும். பயறையும் கருப்பட்டியையும் உருட்டி, மாவில் தோய்த்து, மூன்று மூன்றாக எண்ணெயில் போட்டு எடுக்கிற பலகாரம். பாட்டி இருந்தவரை ஊரிலிருந்து யார் கப்பலேறினாலும் ஒரு டின் கொடுத்துவிடுவாள். இப்போது செய்வதற்கு ஆள் இல்லை, சாமான்கள்தான் வந்திருக்கின்றன. அம்மா அந்த மூட்டையை அவிழ்க்காமலே பரண் மேல் வைத்தாள்.

அன்று சாயங்காலம் அவள் அப்பாவிடம் பேசியது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. பல மாதத்துக்குப் பிறகு அவள் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

“ஊர்ல உள்ள பொம்பளைக்கு ஒரு கோவம் வந்தா, ஒடம்புக்கு முடியலேண்ணா, அம்மை வீடு உண்டு. போயி நாலு நாள் காலை நீட்டி இருப்பா. எனக்கு இஞ்ச என்ன உண்டு? நாலு பக்கமும் தண்ணிதான் உண்டு. வந்த நாள்லேர்ந்து ஒரு நாள் இந்த அடுப்ப விட்டு நான் மாறியிருக்கேனா? நான் இவன்கூட போறேன். பிள்ளைகளும் வரட்டு.”

திரும்பி வருவதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. மறுநாளே பெரிய டிரங்குப் பெட்டியை இழுத்து, என் துணிகளையும் தம்பியின் துணிகளையும் அடுக்க ஆரம்பித்தாள். அடுத்த மழைக்காலத்துக்கான சட்டையைக்கூட எடுத்து வைத்தாள். எனக்கு ஊரையும் தெரியாது, அங்கே இருப்பவர்களையும் தெரியாது. அப்பா இல்லாத ஒரு வீட்டில் எப்படித் தூங்குவது என்பது மட்டும்தான் என் யோசனை.

கப்பல் திரும்புவதற்குக் கொஞ்ச நாள் இருந்தது. அப்பா பட்டறையில் லீவு சொல்லிவிட்டு வந்தார். அவரோடு வேலை செய்த வங்காளி ஒருவரின் அண்ணனுக்குச் சர்க்கார் ஹேவ்லாக்கில் நிலம் கொடுத்துக் குடியேற்றியிருந்தது. கடலோரமாக அவர்களுடைய பழைய குடிசை ஒன்று சும்மா கிடந்தது. கப்பலேறுவதற்கு முன்னால் எல்லோரும் அங்கே போய் இருந்துவிட்டு வரலாம் என்றார் அப்பா. அரிசி, பருப்பு, பாத்திரம் எல்லாம் கொண்டுபோய் நாமே பொங்கித் தின்னலாம்.

“நாமேண்ணா யாரு?” என்றாள் அம்மா.

“நானும் மாப்ளையும்” என்று அப்பா மாமாவைக் காட்டினார். “நீ அடுப்புப் பக்கமே வரப்படாது. பாத்திரத்தத் தொடப்படாது. அடுப்பப் பத்தி ஒரு வார்த்தை பேசப்படாது. சம்மதமா?”

அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். “சம்மதம்” என்றாள். அதைச் சொன்ன விதத்தில் கொஞ்சம் பழைய அம்மா தெரிந்தாள்.

படகிலேயே கூத்து தொடங்கிவிட்டது. கடலில் பிறந்து கடலில் வளர்ந்ததாகச் சொல்லிக்கொண்டு வந்த மாமா, டீசல் வாடை பொறுக்காமல் வழி முழுக்க வாந்தி எடுத்தார். என் தம்பி அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு முறையும் முதுகில் தட்டிக்கொடுத்தான். ஹேவ்லாக்கில் இறங்கியதும் மாமா மணலைத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்.

குடிசை சின்னதுதான். ஓலைக் கூரை, மூங்கில் தட்டிச் சுவர். முன்னால் பெரிய பெரிய மரங்கள் கடல் வரைக்கும் நிழல் போட்டுக்கொண்டு நின்றன. அதற்கப்பால் மாவு சலித்துக் கொட்டியதுபோல வெள்ளை மணல். நிலத்துக்காரரின் மனைவியை, வங்காளிகள் அக்காவைக் கூப்பிடுவதுபோல, நாங்கள் தீதி என்று கூப்பிட்டோம். அந்தத் தீதியிடம் அப்பா முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார் போலிருக்கிறது. அம்மா கிணற்றடிக்குப் போய் வாளியைத் தொட்டால் போதும், எங்கிருந்தோ ஓடிவந்து பிடுங்கிக்கொள்வாள். “நஹி நஹி, தும் பைட்டோ!” உட்கார், உட்கார் என்று தோளைப் பிடித்து அமுக்கியே விடுவாள். அம்மாவுக்குச் சும்மா உட்காரத் தெரியவில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் புடவைத் தலைப்பை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தாள்.

முதல் நாள் சமையல் மாமாவின் பொறுப்பு. கடலில் போகும்போது மீனைக் கடல் தண்ணீரிலேயே அவித்துத் தின்பார்களாம், அந்த ருசி எந்த வீட்டுச் சமையலுக்கும் வராதாம். நல்லதுதான். ஆனால் மாமா அந்த முறையில் மீனை அவிக்கவில்லை, சோற்றைப் பொங்கினார். கிணறு தூரம், கடல் பக்கம் என்று ஒரு பானை நிறையக் கடலைக் கொண்டுவந்து அடுப்பில் ஏற்றிவிட்டார்.

அப்பா முதல் கவளத்தை வாயில் வைத்தார். விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எப்படி இருக்கு?” என்று அம்மா கேட்டாள்.

“கொஞ்சம் தூக்கலா இருக்கு” என்றார் அப்பா. மிச்சத்தைத் தீதியின் கோழிகளுக்குப் போட்டோம். அவை கொத்திப் பார்த்துவிட்டு எங்களை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே போய்விட்டன.

அன்று தீதி கொடுத்த மரச்சீனியை, அதாவது மரவள்ளிக் கிழங்கை, அவித்துத் தின்றோம். மறுநாள் அப்பாவும் மாமாவும் கூடிப் பேசி, குடிசைக்குள் புகை சுற்றுவதுதான் கோளாறுக்கெல்லாம் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். காற்றோட்டமான இடத்தில் அடுப்பு போட வேண்டும். கடல் நன்றாக உள்வாங்கி, அரை மைல் தூரத்துக்கு மணல் திறந்து கிடந்தது. மாமா அதில் கொஞ்ச தூரம் நடந்துபோய், ஒரு பாறைக்குப் பக்கத்தில் நின்று, இதுதான் இடம் என்றார்.

“தண்ணி வருமா மாப்ளே?” என்று அப்பா ஒரு சந்தேகம் கேட்டார்.

“அத்தான், கடலப் பத்தி எனக்கா? இவ்வளவு தூரம் போன தண்ணி இன்னைக்குத் திரும்பி வருமா?”

எங்கள் ஊர்க் கடல் ஒரு முழம் ஏறும், ஒரு முழம் இறங்கும். மாமா பிறந்ததிலிருந்து பார்த்த கடல் அது. அந்தமான் கடல் ஆள் உயரத்துக்கு ஏறி இறங்குவது அப்பாவுக்குத் தெரியும்தான். ஆனால் அவர் அதைத் துறைமுகச் சுவரில் பார்த்தவர், சுவரில் அது மேலே போகும், கீழே வரும், அவ்வளவுதான். தட்டையான மணலில் அதே தண்ணீர் காலை வைத்து நடந்து வரும் என்று அவர் யோசிக்கவில்லை. தவிரவும் கடல்காரன் சொல்லும்போது வெல்டர் என்ன சொல்வது? இரண்டு பேருமாக அரிசி மூட்டை, பருப்பு, மசாலா டப்பா, எண்ணெய், பானை எல்லாவற்றையும் அங்கே சுமந்து கொண்டுபோய், கல் கூட்டி அடுப்பு மூட்டி, உலையும் வைத்தார்கள். பிறகு விறகு போதவில்லை என்று காட்டுப் பக்கம் போனார்கள்.

அம்மா மரத்து நிழலில் காலை நீட்டி உட்கார்ந்து என் தலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். நான்தான் முதலில் பார்த்தேன். பாறைக்கு அந்தப் பக்கம் மணல் மினுமினுத்தது. பிறகு பாறையைச் சுற்றிக்கொண்டு வாய்க்கால் மாதிரி தண்ணீர் வந்தது.

“அம்மா, தண்ணி வருது!”

“பாத்துட்டுதான் இருக்கேன்.”

“அம்மா, அரிசி!”

“அது அடுப்பு சமாச்சாரம் பிள்ளே. நான் பேசப்படாது.” சீப்பை எடுத்து மறுபடியும் என் தலையை வாரினாள்.

அடுப்பு புஸ்ஸென்று அணைந்தது. கொஞ்ச நேரத்தில் பானை மெதுவாக எழும்பி, ஒரு சுற்று சுற்றி, மூடியோடு நிதானமாக மிதந்து புறப்பட்டது. மசாலா டப்பா அதன் பின்னால் போனது. அரிசி மூட்டை மட்டும் போகவில்லை, இருந்த இடத்திலேயே ஊறி உப்பிக்கொண்டிருந்தது. தம்பி கரையில் நின்று பானைக்குக் கை காட்டினான்.

விறகுக் கட்டோடு வந்த இருவரும் அதைப் பார்த்து நின்ற நிலை இருக்கிறதே! அப்பா கட்டைத் தொப்பென்று போட்டுவிட்டு வேட்டியோடு கடலில் பாய்ந்தார். மாமா பானைக்குப் பின்னால் நீந்தினார். பானை அவர் கைக்கு எட்டியதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து மூழ்கியது.

பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் அம்மா சிரித்துக்கொண்டிருக்கிறாள். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு முடியாமல் மணலிலேயே சாய்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வருகிறது, பேச்சு வரவில்லை, கடலைக் கையால் காட்டிக் காட்டிச் சிரிக்கிறாள். மழைக்காலத்துக்குப் பிறகு அம்மா சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை, காரணமில்லாமல் குதித்தேன்.

அப்பா சொட்டச் சொட்ட வந்து நின்றார். “பாத்துட்டுதானே இருந்த? ஒரு வார்த்தை சொல்லப்படாதா?”

“அடுப்பப் பத்தி வாயத் தொறக்கப்படாதுண்ணு சொன்னது யாரு?”

“எங்க ஊருக் கடலு சொன்ன எடத்துல நிக்கும்” என்று மாமா முணுமுணுத்தார். “இது மரியாதை இல்லாத கடலு அத்தான்.”

அதற்கப்புறம்தான் உண்மையான விடுமுறை தொடங்கியது என்று சொல்ல வேண்டும். சமைக்க ஒன்றுமில்லாததால் சமைக்கும் கவலையும் போய்விட்டது. மாமா மீன் பிடித்தார். அதை நன்றாகவே பிடித்தார். அப்பா மீனைக் கம்பியில் கோத்து நெருப்பில் வாட்டினார், அது வெல்டிங்குக்குப் பக்கத்து வேலை என்பதால் கைவந்தது. தீதியின் தோட்டத்து மரச்சீனி, வாழைப்பழம், தேங்காய். வேளை கெட்ட வேளையில் தின்றோம். அம்மாவுக்கு நீந்தத் தெரியும் என்பதே எனக்கு அங்கேதான் தெரிந்தது. தலைமுடியை அள்ளிச் சொருகிக்கொண்டு, புடவையோடு தண்ணீரில் இறங்கி, எங்களை விட்டுவிட்டு வெகுதூரம் போய்த் திரும்பி வந்தாள்.

ஒரு மத்தியானம் அம்மா தூங்கினாள். பகலில் அம்மா தூங்கி நான் பார்த்ததில்லை. பயந்துபோய் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தேன். அப்பா என்னைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்து, மாலை வரை குடிசைப் பக்கமே யாரையும் விடாமல் காவல் இருந்தார். அவள் எழுந்ததும் தீதி வீட்டுத் தேயிலையில் ஒரு டம்ளர் சாயா போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார். சாப்பிடும்போது, “இன்னும் ரெண்டு துண்டு வச்சுக்கோ, மெலிஞ்சுட்ட” என்றார். எங்கள் வீட்டில் அப்பா இப்படிப் பேசிக் கேட்டதேயில்லை. இதெல்லாம் எங்கே கற்றுக்கொண்டார் என்று எனக்கு ஆச்சரியம்.

தம்பி தன் பங்குக்கு ஒன்று செய்தான். சங்குக்குள் குடியிருக்கும் நண்டுகளைப் பொறுக்கிப் பொறுக்கி மாமாவின் பைக்குள் சேர்த்திருக்கிறான். மாமா துவைத்த வேட்டி எடுக்கப் பையில் கையை விட்டார். அவர் போட்ட சத்தத்தில் தீதியின் வீட்டு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அன்றைக்கு முழுக்கப் பாயைத் தூக்கினால் நண்டு, தலையணையைத் தூக்கினால் நண்டு. சிரித்துச் சிரித்து அம்மாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

புறப்படுவதற்கு முந்தின நாள் அப்பாவையும் மாமாவையும் காணோம். நான் தேடிக்கொண்டு தீதியின் வீட்டுக்குப் போனேன். அங்கே அப்பா, காலால் மிதித்து நெல் குத்தும் உலக்கையில் ஏறி நின்று, வியர்க்க விறுவிறுக்க எதையோ இடித்துக்கொண்டிருந்தார். பரண் மேல் இருந்த மூட்டை தீதியின் அடுக்களையில் பிரிந்து கிடந்தது. டெய்ரி ஃபார்மிலிருந்து அப்பா அதைத் தன் துணிகளுக்குள் ஒளித்துக் கொண்டுவந்திருக்கிறார். மாமா அடுப்பருகே உட்கார்ந்து கருப்பட்டிப் பாகு காய்ச்சினார்.

“அம்மை கம்பிப் பதம்ணு சொல்லுவா” என்றார் மாமா.

“கம்பிண்ணா எத்தனை மில்லி மீட்டர்?” என்றார் அப்பா.

யாருக்கும் தெரியாததால் பாகு கொதித்துக்கொண்டே இருந்தது. உருட்டும்போதே கை சுட்டு இருவரும் ஊதிக்கொண்டார்கள். எண்ணெயில் போட்டபோது சில உருண்டைகள் மூன்று மூன்றாக ஒட்டின, சில ஏழாக ஒட்டின, சில தனியாகச் சுற்றின. தீதி ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தாள். பிறகு அம்மிக் குழவியால் தட்டிப் பார்த்தாள். அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். அவர் முகத்தில் விளையாட்டே இல்லை. கப்பல் வரப்போகிறது, பெட்டி கட்டியிருக்கிறது, இந்த நேரத்தில் இவ்வளவு பாடுபட்டுப் பலகாரம் சுடுகிறாரே என்று எனக்குத் தோன்றியது.

மறுநாள் காலை படகுத்துறைக்கு வந்தோம். தீதி அம்மாவின் மடியில் ஒரு சீப்பு வாழைப்பழமும் தேங்காயும் வைத்தாள். மாமா, நான், தம்பி, அம்மா எல்லோரும் படகில் ஏறிவிட்டோம். அப்பா ஏறவில்லை. துறையிலேயே நின்றுகொண்டு, துணியால் மூடி வைத்திருந்த ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து அம்மாவிடம் நீட்டினார். அம்மா மூடியைத் திறந்து பார்த்தாள். பார்த்தபடியே இருந்தாள்.

“போயிட்டு வா மக்ளே” என்றார் அப்பா. “பிள்ளைகளப் பாத்துக்கோ. எப்பம் தோணுதோ அப்பம் வா.”

மகளே என்பது எங்கள் பேச்சில் மக்ளே. அப்படி அவர் என்னைத்தான் கூப்பிடுவார். அதனால் எனக்குத்தான் சொல்கிறார் என்று நினைத்து, “சரிப்பா” என்றேன். யாரும் சிரிக்கவில்லை. அப்பா, வழியனுப்ப வந்தவர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றார். படகுக்காரர் கயிற்றை அவிழ்த்தார். இடையில் தண்ணீர் தெரிய ஆரம்பித்தது.

“அப்பா வரல! அப்பா வரல!” என்று தம்பி அலறினான்.

“அரே பாய், ஜல்தி!” என்று படகுக்காரர் அவசரப்படுத்திக் கத்தினார். அப்பா அப்போதுதான் நினைவு வந்ததுபோல் தாவினார். படகுக்குள் அப்பா விழுந்தார், கடலுக்குள் ஒரு செருப்பு விழுந்தது.

படகு கொஞ்ச தூரம் போனதும் மாமா தயங்கித் தயங்கிக் கேட்டார். “அக்கா, கப்பலுக்கு நாளைக்கே போயி எடம் சொல்லணும். ஒனக்கும் பிள்ளைகளுக்கும்...”

அம்மா டின்னிலிருந்து ஒரு முந்திரிக்கொத்தை எடுத்து வாயில் போட்டாள். கடிபடவில்லை. கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டாள். “நீ போயிட்டு வா மக்கா. நான் இப்பம்தானே அம்மை வீட்டுலேர்ந்து வாரேன்” என்றாள். அவ்வளவுதான், அவளுக்குக் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்ட ஆரம்பித்தது. சிரிப்பதுபோலவும் இருந்தது. அப்பா ஒற்றைச் செருப்போடு கடலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நாங்கள் இருந்தது ஹேவ்லாக்கில், தீதியின் பழைய குடிசையில். இதில் அம்மை வீடு எங்கே வந்தது? ஊருக்குப் போகவில்லை என்றால் சந்தோஷம்தானே படவேண்டும், எதற்கு அழுகிறாள்? கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அம்மா அழுதுகொண்டே டின்னிலிருந்து ஒன்றை எடுத்து என் வாயில் வைத்தாள். கடித்தேன். ஆடிக்கொண்டிருந்த பல் ஒன்று அதோடு வந்துவிட்டது.

அம்மா அழுகிற காரணம் அப்போது எனக்கு நன்றாக விளங்கியது. இப்படி ஒரு பலகாரத்தை டின் நிறையக் கொடுத்தால் யார்தான் அழமாட்டார்கள்?